பெட்டி மேல் இருக்கும் பெயரைக் கடைசியில் பாருங்கள்

மொட்டை மாடியில் 3 கிலோவாட் பேனல். உச்சி வெயில். தெருவில் கரண்ட் போகிறது, வீட்டில் ஃபேனும் நிற்கிறது. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மானியம் வாங்கிப் பேனல் போட்டவர்கள் பலருக்கும் இதுதான் முதல் அதிர்ச்சி. இன்வெர்ட்டரில் கோளாறு எதுவும் இல்லை. ஈபி லைனோடு சேர்ந்து மட்டுமே ஓடுகிற ஆன்கிரிட் இன்வெர்ட்டர் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். லைனில் மின்சாரம் இல்லாதபோது அதுவும் நிறுத்திக்கொள்ளாவிட்டால், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயும். ஐஎஸ் 16169 என்ற தரநிலை சோதித்துப் பார்ப்பதே இதைத்தான்.

அதற்குப் பிறகுதான் பேட்டரி விசாரணை தொடங்குகிறது. கூடவே, "எந்த பிராண்டு நல்லது?" இந்தக் கேள்வி கடைக்காரருக்கு ரொம்பப் பிடிக்கும். குடோனில் எது இருக்கிறதோ அதுதான் பதில். கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் பேட்டரியின் வகையும் வோல்டேஜும், அடுத்து அந்தப் பேட்டரியோடு ஒத்துப்போகிற இன்வெர்ட்டர், அப்புறம் அதைத் திறந்து பழுது பார்க்க உங்கள் மாவட்டத்தில் ஆள் உண்டா என்பது. இந்த வரிசையில் வந்தால் பிராண்டு பட்டியல் தானாகவே இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும்.

மானியக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-ம் அதற்கு மேலும் எவ்வளவு போட்டாலும் 78,000. பேட்டரிக்கு மானியம் கிடையாது. கிரிட்டோடு சேராத ஆஃப்கிரிட் அமைப்புக்கும் கிடையாது. பேனல், உள்நாட்டு செல்லில் செய்த டிசிஆர் பேனலாக இருக்க வேண்டும். ஆகவே நெட் மீட்டரும் (நாம் ஈபிக்கு அனுப்புவதையும் கணக்கில் எடுக்கிற மீட்டர்) பேக்கப்பும் இரண்டும் வேண்டும் என்கிறவர்கள், பேட்டரியைப் பிறகு வாங்குவதாக இருந்தாலும், ஈபி லைன், பேட்டரி இரண்டோடும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரை முதல் நாளே போட்டுவிடுவது நல்லது. ஆன்கிரிட்டைப் போட்டுவிட்டு இரண்டு வருஷம் கழித்து மாற்றுவது, ஒரே சுவருக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடிக்கிற வேலை.

ராத்திரிக்கு எவ்வளவு வேண்டும்

"எனக்கு 5 கேவிஏ போதுமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். ராத்திரி பத்து மணி நேரத்தை எழுதிப் பாருங்கள். 75 வாட் பழைய ஃபேன் நான்கு ஓடினால் அதுவே 3 யூனிட். ஃபிரிட்ஜ் சராசரியாக 45 வாட் என்று வைத்தால் 0.45. பல்பு, டிவி, வைஃபை எல்லாம் சேர்ந்து 0.65. மொத்தம் 4.1 யூனிட். அதே நான்கு ஃபேனும் மின்சாரம் குறைவாக எடுக்கிற 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக இருந்தால் 1.2 யூனிட்தான், மொத்தம் 2.3-க்கு இறங்கிவிடும். மிச்சமாவது 1.8 யூனிட். 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) லெட் ஆசிட் பேட்டரி ஒன்றின் முழுக் கொள்ளளவே 1.8 யூனிட்தான், அதில் தினமும் பாதிக்கு மேல் எடுத்தால் பேட்டரி சீக்கிரம் போய்விடும். அதாவது நான்கு ஃபேனை மாற்றினால் இரண்டு ட்யூபுலர் பேட்டரி வாங்கத் தேவையில்லை. இதை எந்த சோலார் கடையிலும் சொல்லமாட்டார்கள்.

இன்னொரு எண்ணும் விளம்பரத்தில் வராது: இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போது தின்கிற மின்சாரம். 5 கிலோவாட் ஹைபிரிட் பெட்டிகள் பலவும் 50 முதல் 100 வாட் வரை எடுத்துக்கொள்கின்றன. 60 வாட் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு மாத பில் காலத்தில் 86 யூனிட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதில் பெரும்பகுதியை இந்தப் பெட்டி ஒன்றே தின்றுவிடும் அளவு இது. டேட்டாஷீட்டில் 'நோ லோடு' அல்லது 'ஸ்டாண்ட்பை' என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லாத டேட்டாஷீட் என்றால் காரணம் இருக்கும்.

போர் மோட்டாரை பேக்கப்பில் சேர்க்க ஆசைப்படாதீர்கள். 1 எச்பி சப்மெர்சிபிள் ஓடும்போது 1.1 கிலோவாட் அளவில்தான் இருக்கும். ஆனால் கிளம்புகிற கணத்தில் நான்கு முதல் ஆறு மடங்கு ஆம்ப் இழுக்கும். உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த லோ ஃப்ரீக்வென்சி இன்வெர்ட்டர் அதைத் தாங்கும். எடை குறைந்த ஹை ஃப்ரீக்வென்சி ஹைபிரிட் ஓவர்லோடு காட்டிப் படுத்துவிடும், வீடும் சேர்ந்து இருட்டாகும். மதியம் கரண்ட் இருக்கும்போது மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பிக்கொள்வதுதான் மலிவான வழி.

ட்யூபுலரா, லித்தியமா

ட்யூபுலர், அதாவது தண்ணீர் ஊற்றுகிற லெட் ஆசிட் பேட்டரி வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டிக்கரில் சி10 என்று போட்டிருக்கிறதா, சி20 என்றா. சாதாரண யுபிஎஸ் பேட்டரிகள் சி20 கணக்கில் வரும், அதாவது 150 ஏஎச் என்பது 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. சோலார் பேட்டரி சி10-ல் வரும். சி20-யில் 150 என்று போட்டது சி10-ல் 125, 130-க்குத்தான் வரும். ஆகவே "அதே 150-தான் சார், விலை மட்டும் கம்மி" என்பதை நம்பிவிடாதீர்கள். அதே 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் 1000 வாட் ஓட்டினால் 100 ஆம்ப் வரை இழுக்கும், அந்த வேகத்தில் ஸ்டிக்கரில் உள்ளதில் கிட்டத்தட்ட பாதிதான் கிடைக்கும். சோலார் பேட்டரிக்கான தரநிலை ஐஎஸ் 16270, அந்த எண்ணையும் கேளுங்கள்.

லெட் ஆசிட்டின் நிஜமான எதிரி ஐப்பசி கார்த்திகை மழை. நல்ல வெயில் நாளில் ஒரு கிலோவாட் பேனல் 4 யூனிட் தரும், விடாமல் அடைமழை பெய்கிற நாளில் அது 1 யூனிட்டுக்கு வந்துவிடும். லெட் ஆசிட் பேட்டரி முழுசாக நிரம்பாமல் நாள் கணக்கில் பாதியிலேயே கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும். தை மாதம் "பேட்டரி நிக்கவே மாட்டேங்குது" என்று புகார் வருவது இதனால்தான். பிராண்டைத் திட்டிப் பிரயோஜனமில்லை. மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது ஈபி கரண்டில் முழு சார்ஜ் ஏற்றும்படி செட்டிங் வைத்தால் இது வராது. சோலார் மட்டும் என்ற மோடில் பூட்டி வைத்திருக்கிற வீடுகளில்தான் ஒன்றரை வருஷத்தில் பேட்டரி போகிறது.

வெயிலும் விடாது. பேட்டரியின் வெப்பம் 25-க்கு மேல் 10 டிகிரி ஏறினால் லெட் ஆசிட்டின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மே மாத வேலூரில் தகரக் கூரை போட்ட மாடிப்படி அறையில் வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெப்பத்துக்கு ஏற்ப சார்ஜ் வோல்டேஜைக் குறைக்கவும் வேண்டும்: 12 வோல்ட் பேட்டரிக்கு டிகிரிக்கு 18 முதல் 24 மில்லிவோல்ட். இன்வெர்ட்டரோடு டெம்பரேச்சர் சென்சார் வயர் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால், அது பேட்டரி மேல் ஒட்டப்பட வேண்டும். பெட்டிக்குள்ளேயே சுருட்டிக் கிடக்கக் கூடாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் காற்றோட்டம் வேண்டும். விளக்கு ஏற்றுகிற பூஜை அறையை ஒட்டிப் பேட்டரி வைப்பது ஆகாது.

லித்தியத்தில் வீட்டுக்கு ஏற்றது எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்ஃபேட். இதற்குப் பாதியில் கிடந்தாலும் கவலையில்லை, தண்ணீர் ஊற்ற வேண்டாம், 80, 90 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். ஸ்கூட்டரில் இருந்து கழற்றிய என்எம்சி (லித்தியத்தில் இன்னொரு வகை) செல்களை வைத்துக் கட்டிய பேட்டரி மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுக்குள் வேண்டாம். எல்எஃப்பி தீப்பிடிக்கவே பிடிக்காது என்பது மிகைதான். ஆனால் என்எம்சி அளவுக்கு அவசரக்காரன் இல்லை.

"6000 சைக்கிள்" என்பதைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஒரு தடவை ஏற்றி இறக்குவது ஒரு சைக்கிள், தினம் ஒன்று என்றால் 16 வருஷம். பக்கத்திலேயே வாரண்டி 5 வருஷம் என்று இருக்கும். நான் வாரண்டியைத்தான் நம்புவேன். அந்த 6000 என்பது 25 டிகிரி ஆய்வகத்தில், மெதுவாக ஏற்றி இறக்கி எடுத்தது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் செல்லுக்கு வயது ஏறும். வாரண்டி அட்டையில் மூன்று விஷயம் தேடுங்கள்: எத்தனை வருஷம், மொத்தம் எத்தனை யூனிட் எடுத்தால் வாரண்டி தீரும், கடைசியில் கொள்ளளவு எத்தனை சதவீதம் மிஞ்சும் என்று உறுதி தருகிறார்கள். லெட் ஆசிட்டில் "60 மாதம்" என்பது பெரும்பாலும் 36 மாதம் புதுப் பேட்டரி, மீதி 24 மாதம் விலையில் கழிவு மட்டும். இரண்டும் ஒன்றில்லை.

15 செல்லும் 16 செல்லும்

லித்தியத்தில் பணத்தைக் கரைக்கிற இடம் இதுதான். "48 வோல்ட் லித்தியம்" என்று விற்கப்படுவதில் இரண்டு ஜாதி இருக்கிறது. 3.2 வோல்ட் செல் 16 அடுக்கினால் 51.2 வோல்ட், 100 ஏஎச் என்றால் 5.12 யூனிட். 15 அடுக்கினால் 48 வோல்ட், 4.8 யூனிட். பைலான்டெக் என்ற பேட்டரி கம்பெனியின் யுஎஸ்3000சி, யுஎஸ்5000 எல்லாம் 15 செல். இங்கே ஊருக்குள் கட்டித் தருகிறவை பெரும்பாலும் 16.

16 செல்லுக்கு 56 வோல்ட் வரை ஏற்றுவது சரி, செல்லுக்கு 3.5 வருகிறது. அதே செட்டிங்கை 15 செல் பேட்டரியில் விட்டால் செல்லுக்கு 3.73. 3.65-ஐத் தாண்டினாலே உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியின் காவல் போர்டு) பட்டென்று துண்டித்துவிடும். நல்ல வெயிலில், பேட்டரி நிரம்புகிற மதிய நேரத்தில், தினமும் ஒரே நேரத்தில் வீடு ஒரு கணம் அணைந்து எரிகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். பைலான்டெக் தன் பேட்டரிக்குச் சொல்வது 52.5 முதல் 53.5 வோல்ட்.

இந்த அவதி வராமல் இருக்கத்தான் பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரு வயர் மூலம் பேசிக்கொள்கின்றன. கேன் அல்லது ஆர்எஸ்485 என்ற இணைப்பு. எவ்வளவு ஆம்ப் ஏற்றலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று பிஎம்எஸ் சொல்லும், இன்வெர்ட்டர் கேட்கும். வயர் பார்ப்பதற்கு இன்டர்நெட் கேபிள் மாதிரியே இருக்கும், சிக்கலே அங்கேதான். பைலான்டெக் பேட்டரியில் கேன் சிக்னல் 4, 5-ஆம் பின்களில் வருகிறது. விக்ட்ரான் கம்பெனி இன்வெர்ட்டர் அதை 7, 8-ல் எதிர்பார்க்கிறது. கடையில் வாங்கிய நேர் லேன் கேபிளைச் செருகினால் கேன் போக வேண்டிய இடத்தில் ஆர்எஸ்485 போய் நிற்கும். இரண்டுமே நல்ல பெட்டிகள், ஆனால் ஒன்றுக்கொன்று காது கேட்காது. இன்வெர்ட்டர் கம்பெனியின் 'ஒத்துப்போகும் பேட்டரிகள்' பட்டியலில் உங்கள் பேட்டரியின் மாடல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிராண்டு பெயர் இருந்தால் போதாது, மாடலே இருக்க வேண்டும்.

பேச்சு வார்த்தை இல்லாமலும் ஓட்டலாம். 16 செல்லுக்கு சார்ஜ் 56, ஃப்ளோட் 54, கட் ஆஃப் 48 வோல்ட் என்று கையால் வைத்துவிட்டு, ஈக்வலைசேஷன், டீசல்ஃபேஷன் இரண்டையும் கண்டிப்பாக அணைத்துவிட வேண்டும். அவை லெட் ஆசிட்டுக்கான மருந்து, லித்தியத்துக்கு விஷம். இப்படி ஓட்டும்போது திரையில் தெரியும் பேட்டரி சதவீதத்தை நம்ப வேண்டாம். எல்எஃப்பி செல்லின் வோல்டேஜ் 30-க்கும் 90-க்கும் நடுவே கிட்டத்தட்ட அசையாது, இன்வெர்ட்டர் குத்துமதிப்பாகத்தான் சொல்லும்.

இன்வெர்ட்டரில் மூன்று பொய்கள்

பொய் என்பது கொஞ்சம் கடுமைதான். அரை உண்மைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வி.ஏ.வும் (வோல்ட் ஆம்பியர்) வாட்டும். பெட்டியில் போடுவது வி.ஏ., நிஜமாகக் கிடைக்கும் வாட் அதைவிடக் குறைவாக இருக்கலாம். விக்ட்ரான் மல்டிபிளஸ்-2 48/5000 என்பதன் டேட்டாஷீட்டில், 5000 வி.ஏ., 25 டிகிரியில் 4000 வாட், 40 டிகிரியில் 3700 வாட், 65 டிகிரியில் 3000 வாட் என்று வெளிப்படையாக இருக்கிறது. சும்மா இருக்கும்போது 18 வாட். விலை அதிகம்தான், ஆனால் என்ன கிடைக்கும் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் 5000 என்று மட்டும் போட்டுவிட்டு எந்த வெப்பத்தில் என்று சொல்லாமல் விட்டால், சித்திரை மாத மதியத்துக்கு அதில் 20, 25 சதவீதம் கழித்தே கணக்கிடுங்கள்.

இரண்டாவது, "சோலார் இன்வெர்ட்டர்" என்ற பெயரில் பிடபிள்யூஎம் என்ற பழைய வகை சார்ஜர். இப்போது கிடைக்கும் 540 வாட் பேனல் 41 வோல்ட், 13 ஆம்ப் அளவில் வேலை செய்யும். பிடபிள்யூஎம் சார்ஜர் அதைப் பேட்டரி வோல்டேஜுக்கே இழுத்துவிடும். 24 வோல்ட் பேட்டரியில் 27 வோல்ட்டுக்கு 13 ஆம்ப், வருவது 350 வாட். மூன்றில் ஒரு பங்கு காற்றோடு போச்சு. 12 வோல்ட் என்றால் 540-ல் 180 கூட வராது. பேனலை அதற்கேற்ற வோல்டேஜிலேயே ஓட விடுகிற எம்பிபிடி சார்ஜர் இருந்தால்தான் பெரிய பேனல்கள் பயன்படும். பழைய பிடபிள்யூஎம் பெட்டி ஏற்கெனவே இருக்கிறதென்றால் அதற்கேற்ற 36 செல் சிறிய பேனலே போதும், புதுசாகப் பெரிய பேனல் வாங்கி அதில் மாட்டாதீர்கள்.

மூன்றாவது, பேனல் இன்புட்டுக்கு "மேக்சிமம் 500 வோல்ட்". அந்த எண்ணைத் தொட்டால் வாரண்டி இல்லை, பெட்டியும் இல்லை. 540 வாட் பேனலின் ஓபன் சர்க்யூட் வோல்டேஜ் (எதுவும் இழுக்காதபோது இருப்பது) 49.6 என்றால் வரிசையாக இணைத்த பத்துப் பேனலுக்கு 496, சரியாக இருக்கிற மாதிரி தோன்றும். அந்த 49.6 என்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது. டிகிரிக்கு 0.27 சதவீதம் என்று குளிரக் குளிர வோல்டேஜ் ஏறும். மார்கழி விடியலில் 20 டிகிரி என்றால் சமவெளியிலேயே 502 தாண்டும், ஊட்டியில் 10 டிகிரிக்கு 516. ஒன்பது பேனலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வயரும் ஃபியூஸும்

48 வோல்ட்டில் 5 கிலோவாட் என்றால் பேட்டரி வயரில் 110 முதல் 120 ஆம்ப் ஓடும். 35 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும், டிசி-க்கு ஆன 125 அல்லது 160 ஆம்ப் ஃபியூஸும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வேண்டும். ஏசி எம்சிபியை டிசியில் போட்டால் ட்ரிப் ஆகும்போது நெருப்புப் பொறி அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். டிசி எம்சிபியிலும் பிளஸ் மைனஸ் குறி போட்டது பேட்டரிக்கு ஆகாது. பேட்டரி வயரில் மின்சாரம் இரண்டு பக்கமும் ஓடும், குறிக்கு எதிராக ஓடும்போது அது பொறியை அணைக்காது. குறியில்லாத நான்-போலரைஸ்டு வகை கேளுங்கள்.

லித்தியத்தை முதல் தடவை இணைக்கும்போது இன்வெர்ட்டரின் கெபாசிட்டர்கள் ஒரே மூச்சில் ஆம்ப் இழுக்கும், பிஎம்எஸ் ஷார்ட் என்று நினைத்துத் துண்டித்துவிடும். "பேட்டரியே டெட் சார்" என்று திருப்பி அனுப்பப்பட்டவற்றில் சில வெறும் இதுதான். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றின் வழியாகச் சில விநாடி தொட்டு, பிறகு நேராக இணைத்தால் தீர்ந்தது.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை இரண்டு. பேக்கப் லைனின் நியூட்ரல் தனியாக வர வேண்டும். ஈபி நியூட்ரலோடு கலந்தால் ஆர்சிசிபி (ஷாக் அடிக்காமல் காக்கும் ஸ்விட்ச்) ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும், சில மாடல்களில் போர்டே போகும். மூன்று ஃபேஸ் வீட்டில், ஒரு ஃபேஸ் போனால் இன்னொன்றுக்குத் திருப்ப ஒரு குமிழ் வைத்திருப்பார்களே, பேக்கப் லைனை அதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும். கரண்ட் இல்லாத நேரத்தில் யாராவது பழக்கதோஷத்தில் குமிழைத் திருப்பினால் இன்வெர்ட்டர் அவுட்புட் ஈபி ஃபேஸோடு மோதும்.

நெட் மீட்டர் அனுமதி வருவதற்குள் சோதனைக்கு ஓட்டுவதாக இருந்தால் எக்ஸ்போர்ட்டைப் பூஜ்யத்தில் வையுங்கள். பழைய டிஜிட்டல் மீட்டர்கள் சில, நாம் வெளியே அனுப்புவதையும் நாம் செலவழித்ததாகவே எண்ணி பில்லில் ஏற்றிவிடும்.

இனி பிராண்டு

லுமினஸ், மைக்ரோடெக், எக்சைட், அமரான், வி-கார்டு, லிவ்கார்டு, யூடிஎல் போன்றவை ஒரு கூட்டம். தாலுகா ஊரில்கூட டீலர் உண்டு, பழைய பேட்டரியை எடைக்கு எடுத்துக்கொண்டு புதுசு தருவார்கள். ட்யூபுலர் வாங்குகிறவர்கள் இந்தக் கூட்டத்துக்குள்ளேயே, கிட்ட இருக்கிற டீலரைப் பார்த்து எடுத்தால் போதும். ஒன்றுக்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை விட, கடையில் ஆறு மாசம் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரிக்கும் போன மாசம் வந்ததற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. தயாரிப்புத் தேதி பார்த்து வாங்குங்கள்.

டேயே, குரோவாட், சோலிஸ், சன்குரோ, குட்வி ஆகிய சீன ஹைபிரிட்கள் அடுத்த கூட்டம். இதே காசுக்கு இத்தனை வசதி வேறெங்கும் கிடைக்காது. பழுதானால் போர்டைச் சரிசெய்வது அபூர்வம், முழு பெட்டியையே மாற்றுவார்கள். ஆகவே கேள்வி "வாரண்டி எத்தனை வருஷம்" என்பது கூடாது. "மாற்றுப் பெட்டி எந்த ஊர் குடோனில் இருக்கிறது, வரும் வரைக்கும் இடைக்காலப் பெட்டி தருவீர்களா" என்பதுதான். தைவானின் வோல்ட்ரானிக் வடிவமைப்பைப் பல பெயர்களில் விற்கிறார்கள், நகல்களும் உண்டு. வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கிறதே என்று ஒன்றின் ஃபெர்ம்வேரை இன்னொன்றில் ஏற்றினால் பெட்டி கல்லாகிவிடும்.

ஏற்கெனவே ஆன்கிரிட் போட்டவர்கள், அதைக் கழற்றாமல் பேட்டரி சேர்க்க விக்ட்ரான் ஒரு வழி. கரண்ட் போனாலும் அது தானே லைன் மாதிரி நின்று ஆன்கிரிட்டை ஓட வைக்கும், உற்பத்தி மிஞ்சினால் ஃப்ரீக்வென்சியை உயர்த்தி ஆன்கிரிட் பெட்டியை அடக்கும். நிபந்தனை ஒன்று உண்டு: ஆன்கிரிட்டின் வாட், விக்ட்ரானின் வி.ஏ.வைத் தாண்டக் கூடாது.

பெரிய பெயர் என்பதால் மட்டும் நிம்மதி வந்துவிடாது. ஒரு காலத்தில் இன்வெர்ட்டர் என்றாலே நினைவுக்கு வந்த சு-காம் 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. கம்பெனி இருக்கிறவரைக்கும்தான் வாரண்டி அட்டைக்கு மதிப்பு.

போட்டு முடித்த அன்றே, ஆள் கிளம்புவதற்கு முன், மெயினை அணைத்துவிட்டு மிக்சியையும் கிரைண்டரையும் ஃபிரிட்ஜையும் ஒன்றாகப் போட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு பேட்டரி லக் (வயர் முனையில் உள்ள உலோகக் காது), ஃபியூஸ், எம்சிபி ஒவ்வொன்றின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், உலோகத்தைத் தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே நட்டை முறுக்கியது சரியில்லை. நான்கு ட்யூபுலரை வரிசையாக இணைத்திருந்தால் ஒவ்வொன்றின் வோல்டேஜையும் மீட்டரில் தனித்தனியாக எடுங்கள், 0.3 வோல்ட்டுக்கு மேல் ஒன்று விலகினால் அதை அப்போதே மாற்றச் சொல்லுங்கள். செட்டிங் திரைகளையும் சீரியல் எண்களையும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, கடைசித் தவணையைக் கொடுங்கள்.